செம்பு பொய் சொல்லாது

“உருக்கில் கலப்புத் தனிமங்கள் சேர்ப்பதன் நோக்கம் யாது?” ரெண்டு மார்க் கேள்வி. எங்க டிபார்ட்மென்ட்டில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் வரும். குரோமியம் துருவைத் தடுக்கும், மாங்கனீசு வலு கூட்டும், மாலிப்டினம் சூட்டில் தளராமல் காக்கும். வரிசையாக எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். சி.எஸ்., இ.சி.இ. நண்பர்களுக்கு இந்தத் தொல்லைகூடக் கிடையாது. அவங்களுக்கு இரும்புன்னா இரும்பு, அவ்வளவுதான்.

இந்தப் பதிலில் ஒரு பாதி எப்பவுமே விடுபட்டுப் போகிறது. தனிமம் உள்ளே இருந்தால் என்ன செய்யும் என்று எழுதுகிறோம். ஆனால் அது உள்ளே எப்படிப் போகிறது? போனது அங்கேயே தங்குமா? வேண்டாம் என்றால் வெளியே எடுக்க முடியுமா? இதெல்லாம் வேறொரு பேப்பர், வேறொரு செமஸ்டர். இரண்டு பாதியையும் ஒன்றாகப் பார்க்க எனக்கு வாய்த்தது மூன்றாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறையில். கோவைப் பக்கம் ஒரு சிறிய உருக்காலையில் ஒரு மாதம் இன்பிளான்ட் ட்ரெய்னிங். ஆலையின் பெயர் வேண்டாம். அங்கே பார்த்த வேதியியலையும், அந்த வேதியியல் ஒரு அக்காவின் கூலிக்குச் சாட்சி சொன்ன கதையையும்தான் இங்கே எழுதுகிறேன்.

பந்தியில் யார் முதலில்?

உருகிய உருக்கின் சூடு சுமார் 1600 டிகிரி செல்சியஸ். அங்கே ஆக்சிஜன் எப்படியாவது வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். மேலே காற்று இருக்கிறது. உள்ளே போடும் பழைய இரும்பில் துரு இருக்கிறது. மிதக்கும் கசடிலும் இரும்பு ஆக்சைடு இருக்கிறது. தூய இரும்புக் குழம்பு 1600 டிகிரியில் 0.23% வரை ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். உறையும்போது அதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வெளியே தள்ளியாக வேண்டும். அப்படித் தள்ளப்படும் ஆக்சிஜன் கார்பனோடு சேர்ந்து வாயுவாகி, உறையும் உருக்கைப் பொங்க வைக்கும். உள்ளே ஓட்டைகள் விழும். அதனால்தான் அலுமினியமோ சிலிக்கானோ போட்டு ஆக்சிஜனை முன்கூட்டியே அடக்குகிறார்கள். அப்படி அடங்கிய உருக்குக்கு ‘கில்டு ஸ்டீல்’ என்று பெயர். பொங்காமல் செத்தது போல அமைதியாகக் கிடக்கும்.

எந்தத் தனிமம் ஆக்சிஜனை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்பதை ஹரால்ட் எல்லிங்ஹாம் 1944-ல் ஒரே வரைபடமாகப் போட்டுக் கொடுத்தார். செகண்ட் இயரில் எல்லாரும் மனப்பாடம் செய்யும் அதே எல்லிங்ஹாம் வரைபடம்தான். கீழே இருக்கும் கோடு என்றால் ஆக்சைடு உறுதியானது. மேலே இருக்கும் கோடு என்றால் ஆக்சைடு சீக்கிரம் உடையும்.

கல்யாணப் பந்தியாக நினைத்துப் பாருங்கள். இலைதான் ஆக்சிஜன். கால்சியம், அலுமினியம், டைட்டானியம் எல்லாம் கதவு திறந்ததும் ஓடிப்போய் முதல் வரிசையில் உட்காரும் ஆட்கள். அடுத்து சிலிக்கான், மாங்கனீசு, குரோமியம். அதற்குப் பிறகு வருவது இரும்பு. இரும்பு என்பது ஒரு ஆள் இல்லை, ஊரே திரண்டு வந்த கூட்டம். கம்பிக்கான உருக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு அதுதான். மாலிப்டினம், நிக்கல், செம்பு, வெள்ளீயம் எல்லாம் அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் நிற்கின்றன. அத்தனை இரும்பும் எரிந்து முடிந்தால்தான் அவற்றுக்கு இலை கிடைக்கும். அத்தனை இரும்பையும் எரிக்க எந்த முதலாளியும் உலை வைக்கமாட்டார்.

இலை கிடைத்தவர் ஆக்சைடாகிக் கசடுக்குப் போவார். கிடைக்காதவர் உருக்கிலேயே தங்குவார். இந்த ஒரு விதியை வைத்தே ஒரு மெல்டிங் ஷாப்பில் நடக்கும் பாதி விஷயத்தைப் புரிந்துகொள்ளலாம்.

மெல்டர் அண்ணாவின் வரிசை

நான் போன ஆலையில் 10 டன் இண்டக்‌ஷன் ஃபர்னஸ். பழைய இரும்பும் ஸ்பாஞ்ச் அயர்னும் உருக்கி, பில்லட்டாக வார்த்து, திரும்பச் சூடாக்கி, ரோலிங் மில்லில் டி.எம்.டி. கம்பியாக இழுப்பார்கள். வீடு கட்டுகிற அதே கம்பி.

உலையின் ராஜா மெல்டர் அண்ணா. இருபது வருஷத்துக்கு மேல் அதே பிளாட்ஃபார்ம். முதலில் ஸ்கிராப், இடையிடையே ஸ்பாஞ்ச், எல்லாம் உருகியதும் கசடை வழித்து எடுப்பார்கள், பிறகு சாம்பிள். அதுவரை சிலிகோ மாங்கனீசு மூட்டை ஓரமாக அடுக்கியே கிடக்கும். லேப் ரிப்போர்ட் வந்த பிறகுதான் அது உள்ளே போகும். அலுமினியம் கடைசிக்கும் கடைசியாக, லேடிலில் ஊற்றும்போதுதான்.

“ஏன் அண்ணா, ஆரம்பத்துலயே ஸ்கிராப்போட சேர்த்துப் போட்டா வேலை சுலபம்தானே?” என்று கேட்டேன். பதில் தெரிந்துதான் கேட்டேன். அவர் எப்படிச் சொல்வார் என்று பார்க்க ஆசை.

“மொதல்லயே போட்டா துரு திங்கும் பாப்பா. நாம காசு குடுத்து வாங்கினது ஸ்லாக்கோட குப்பைக்குப் போயிடும்.”

எல்லிங்ஹாமின் ஒரு பக்கத்தை இதைவிடச் சுருக்க முடியாது. நிக்கல், மாலிப்டினம் போடும் ஆலைகளில் அவற்றை ஆரம்பத்திலேயே சார்ஜோடு போட்டுவிடலாம், போனால் வராது என்ற பயம் இல்லை. மாங்கனீசு அப்படி இல்லை.

கணக்கு இப்படி. 10 டன் உருக்கில் மாங்கனீசை 0.50% கூட்ட வேண்டும். அப்படியென்றால் 50 கிலோ மாங்கனீசு. சிலிகோ மாங்கனீசில் மாங்கனீசு 60% என்று வைத்துக்கொண்டால் 83 கிலோ போதும் என்று கால்குலேட்டர் சொல்லும். ஆனால் போட்டதில் ஒரு பங்கு கசடுக்குப் போகும். 85 பங்குதான் தங்கும் என்று எடுத்தால் 98 கிலோ தேவை. இந்த 85-ஐத்தான் ‘ரெக்கவரி’ என்கிறோம். துரு அதிகமான ஸ்கிராப் வந்த நாளில் அது 70-க்கு இறங்கும். அப்போது அதே 98 கிலோ போட்டாலும் 41 கிலோதான் தங்கும். மீதி கசடு. புத்தகத்தில் ரெக்கவரி ஒரு மாறிலி மாதிரி இருக்கும். பிளாட்ஃபார்மில் அது ஹீட்டுக்கு ஹீட் மாறும். குழம்பின் கொதியையும் கசடின் நிறத்தையும் பார்த்து மெல்டர் அண்ணா கையில் ரெண்டு கிலோ கூட்டுவார், குறைப்பார்.

இது இன்று வந்த தலைவலி இல்லை. பெஸ்ஸமர் 1856-ல் காற்று ஊதி உருக்கு செய்யும் முறையை அறிவித்தபோது, காற்று கார்பனோடு மாங்கனீசையும் எரித்துவிட்டது. உள்ளே ஆக்சிஜன் மிஞ்சியது. கந்தகம் இரும்போடு சேர்ந்து, உருக்கின் குருணைகளுக்கு நடுவே சுமார் 988 டிகிரியிலேயே உருகும் ஒரு படலமாக நின்றது. சூடாக வைத்து அடித்தால் உருக்கு பிளந்தது. ராபர்ட் முஷெட் சொன்ன மருந்து எளிமையானது: ஊதி முடித்த பிறகு மாங்கனீசு நிறைந்த வார்ப்பிரும்பைச் சேர். மாங்கனீசு ஆக்சிஜனையும் பிடித்தது, கந்தகத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. தனிமம் அதே தனிமம்தான். போடும் நேரம் மாறியதும் வேலை செய்தது.

நேரத்தின் அருமை தெரிய போரானைப் பாருங்கள். உருக்கைக் கடினமாக்க 0.003% போரான் போதும். 10 டன்னுக்கு 300 கிராம், வீட்டில் வாங்கும் ஒரு பொட்டலம் மிளகு அளவு! ஆனால் குழம்பில் ஆக்சிஜனோ நைட்ரஜனோ மிச்சம் இருந்தால் அந்த 300 கிராமும் வீண். அதனால் முதலில் அலுமினியம் போய் ஆக்சிஜனை முடிக்கும், டைட்டானியம் போய் நைட்ரஜனைக் கட்டும், அதற்குப் பிறகுதான் போரான் இறங்கும். கால்சியம் இன்னும் மோசம். அதன் கொதிநிலை 1484 டிகிரி, உருக்கின் சூட்டைவிடக் குறைவு. மேலே தூவினால் ஆவியாகிப் போய்விடும். ஒரு கம்பிக் குழலுக்குள் அடைத்து ஆழத்துக்குச் செலுத்துகிறார்கள்.

பிடிவாதக்காரர்கள்

சில தனிமங்களுக்கு நேரம் மட்டும் போதாது, சூழ்நிலையையே மாற்ற வேண்டும்.

பாஸ்பரஸ் உருக்கைக் குளிரில் உடைய வைக்கும். அதை ஆக்சைடாக்கினாலும், பிடித்து வைக்க ஆள் இல்லை என்றால் உருக்குக்கே திரும்பிவிடும். அந்த ஆள் சுண்ணாம்பு. ஆனால் அந்தக் காலத்து உலைகளின் உள்பூச்சு சிலிக்கா. சுண்ணாம்புக் கசடு அதை அரித்துவிடும். இந்த முடிச்சை அவிழ்த்தவர் லண்டனில் ஒரு போலீஸ் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ். மாலை நேர வகுப்பில் வேதியியல் படித்தவர். வேல்ஸில் இரும்பாலை வேதியியலாளராக இருந்த உறவினர் பெர்சி கில்கிறிஸ்டோடு சேர்ந்து, உள்பூச்சையே டோலமைட்டுக்கு மாற்றினார். 1878-ல் ஒரு கூட்டத்தில் அறிவித்தபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வருஷம் மிடில்ஸ்பரோவில் செய்து காட்டியதும் பாஸ்பரஸ் நிறைந்த தாதுக்களை வைத்திருந்த ஐரோப்பிய ஆலைகள் தேடி வந்தன. 1885-ல் அவர் இறந்தபோது வயது 34. பிரித்து எடுத்த பாஸ்பரஸ் கசடு வயலுக்கு உரமானது தனிக்கதை.

குரோமியம் இன்னொரு வகைப் பிடிவாதம். ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலில் கார்பன் போக வேண்டும், குரோமியம் இருக்க வேண்டும். ஆக்சிஜன் ஊதினால் கார்பனோடு குரோமியமும் எரிகிறது. 1950-களில் யூனியன் கார்பைடில் வில்லியம் கிரிவ்ஸ்கி கண்டது இது: ஆக்சிஜனோடு ஆர்கானைக் கலந்து ஊதினால், கார்பன் மோனாக்சைடின் பகுதி அழுத்தம் குறைகிறது, கார்பன் சுலபமாகப் போகிறது, குரோமியம் பெரும்பாலும் தங்குகிறது. தப்பிப் போன கொஞ்சம் குரோமியத்தை ஃபெரோ சிலிக்கான் போட்டுக் கசடிலிருந்து மீட்டுவிடலாம். நம் சேலம் உருக்காலை உட்பட உலகின் பெரும்பாலான ஸ்டெய்ன்லெஸ் இப்படி, ஏ.ஓ.டி. என்ற கலத்தில்தான் தயாராகிறது.

இப்போது நான் போன ஆலைக்கு வருவோம். இண்டக்‌ஷன் ஃபர்னஸின் உள்பூச்சு சிலிக்கா ராமிங் மாஸ். சுண்ணாம்பு போட்டுப் பாஸ்பரஸை எடுக்கலாம் என்றால் உலையின் சுவர் தாங்காது. ஃபெ 500 டி கம்பிக்கு பாஸ்பரஸ் 0.040%-ஐத் தாண்டக்கூடாது என்பது விதி. அதை உலையில் குறைக்க வழியில்லை, உள்ளே போடும்போதே பார்த்துப் போட வேண்டும்.

செம்பு என்றால் எந்த உலையாக இருந்தாலும் இதே நிலைதான்.

போகாத ஆள்

செம்பு கெட்டது என்று சொல்ல வரவில்லை. யு.எஸ். ஸ்டீல் 1933-ல் கொண்டுவந்த கார்-டென் உருக்கில் செம்பை வேண்டுமென்றே சேர்த்தார்கள். பெயிண்ட் அடிக்காமலே மழை வெயில் தாங்கும். வேண்டாத இடத்தில் வந்தால்தான் வில்லங்கம்.

பில்லட்டைத் திரும்ப 1100 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது மேற்பரப்பில் இரும்பு எரிந்து செதிலாகிறது. பந்தி வரிசை ஞாபகம் இருக்கிறதா? இரும்பு எரியும், செம்பு எரியாது. எரியாத செம்பு செதிலுக்கு அடியில் சேர்ந்துகொண்டே வரும். செம்பின் உருகுநிலை 1085 டிகிரி. அது திரவமாகிக் குருணைகளுக்கு நடுவே ஊடுருவும். அந்த நிலையில் ரோலில் அழுத்தினால் மேற்பரப்பு பிளக்கும். வெள்ளீயம் கூட இருந்தால் இன்னும் சீக்கிரம் பிளக்கும். கம்பி சுமார் 0.4% வரை செம்பைத் தாங்கும் என்கிறார்கள். கார் பாடிக்கு அழுத்தி வளைக்கும் தகட்டில் 0.06%-க்கு மேலே போகக்கூடாது.

அதனால் செம்பைத் தடுக்கும் ஒரே இடம் ஸ்கிராப் யார்டு. ஊரெல்லாம் உள்ள காயலான் கடைகளிலிருந்து வரும் இரும்பு அங்கேதான் குவியும். கான்ட்ராக்டில் வேலை செய்யும் மூன்று பெண்கள் கயிற்றில் கட்டிய காந்தமும் ஒரு சுத்தியலும் வைத்துக்கொண்டு அதைப் பிரிப்பார்கள். மூத்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஆர்மேச்சர், ஒயர், பித்தளை வால்வு எல்லாம் அவர் கண்ணுக்குத் தானாகத் தட்டுப்படும். செம்பைவிட அவர் பயந்தது வேறொன்றுக்கு.

“மூடுன சாமான் எதுவும் போகக்கூடாது அம்மிணி. சிலிண்டரு, வண்டி ஷாக்கு... உள்ள துளி தண்ணி இருந்தாலும் குண்டாட்டம் வெடிக்கும். மேல நிக்கறவன் பொழைக்கமாட்டான்.”

மெல்டர் அண்ணாவின் உயிர் தினமும் அந்த அக்காவின் கையைத் தாண்டித்தான் உலைக்குப் போகிறது. அக்காவின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

32 கிலோ

மூன்றாவது வாரம். காலை ஷிஃப்டில் ரோலிங் மில்லில் சத்தம் கேட்டுப் போனேன். கம்பிகளின் மேற்பரப்பு, தண்ணீர் வற்றிய குளத்து மண் மாதிரி வெடித்துக் கிடந்தது. நைட் ஷிஃப்டில் ஊற்றிய ஒரே ஹீட்டின் பில்லட்டுகள். ஸ்டாண்டில் சிக்கி மில் ரெண்டு மணி நேரம் நின்றது. வைத்திருந்த சாம்பிளைத் திரும்ப ஸ்பெக்ட்ரோவில் வைத்தார்கள். செம்பு 0.52%. வழக்கமாக அங்கே 0.20% பக்கம் இருக்கும்.

நைட் ஏன் தெரியவில்லை? மெஷின் எல்லாத் தனிமத்தையும்தான் காட்டுகிறது. ஆனால் பதிவேட்டில் கட்டம் அஞ்சுதான்: கார்பன், மாங்கனீசு, சிலிக்கான், கந்தகம், பாஸ்பரஸ். அஞ்சும் சரியாக இருந்தன. ஊற்றிவிட்டார்கள். தெரிந்திருந்தாலும் செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது, நீர்க்கச் செய்வது. 0.52-ஐ 0.35-க்குக் கொண்டுவர, செம்பே இல்லாத உலோகம் கிட்டத்தட்ட 5 டன் சேர்க்க வேண்டும். உலையில் இடம் ஏது?

மத்தியானம் யார்டு சூப்பர்வைசர் மூன்று பேரையும் நிற்க வைத்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஒயரைப் பார்க்காமல் விட்டது அவர்கள்தானாம். மூன்று நாள் கூலி பிடிப்பாராம்.

மூத்த அக்கா திருப்பிக் கத்தவில்லை. என்னிடம் வந்து ஓரத்தில் கிடந்த பேலைக் காட்டினார். பேல் என்றால் பிரஸ்ஸில் அமுக்கிக் கட்டியாக்கிய தகரம்.

“இதுக்குள்ள என்ன இருக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும் அம்மிணி? காந்தம் மேல இருக்கற தகரத்துல கப்புன்னு ஒட்டிக்கும். ஒடச்சுப் பாக்கறதுக்கு எனக்கு நேரமும் குடுக்கமாட்டாங்க, ஆயுதமும் குடுக்கமாட்டாங்க.”

லேப் மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 10 டன்னில் 0.52 கழித்தல் 0.20. வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்தது 32 கிலோ செம்பு.

இந்தக் கணக்கை மாங்கனீசுக்குப் போட முடியாது. எவ்வளவு கசடுக்குப் போனது என்று தெரியாமல், எவ்வளவு உள்ளே வந்தது என்று சொல்ல முடியாது. சிலிக்கானுக்கும் அப்படியே. துத்தநாகம் 907 டிகிரியிலேயே ஆவியாகிப் புகையோடு போய்விடும், சாட்சியே மிஞ்சாது. செம்பு மட்டும் உள்ளே வந்தது வந்தபடி இருக்கிறது. எதை வெளியேற்ற முடியாது என்று தலையில் கை வைக்கிறோமோ, அதுவே எவ்வளவு வந்தேன் என்று கிராம் பிசகாமல் சொல்கிறது. ரெக்கவரி நூற்றுக்கு நூறு.

32 கிலோ ஒயர் என்பது சாக்குமூட்டை நிறைய வரும். மூன்று பேர் கண்ணுக்கும் தப்பிக் கையால் பொறுக்கும் குவியலிலிருந்து அவ்வளவு போகாது. எதற்குள்ளோ ஒளிந்துதான் போயிருக்க வேண்டும்.

பேப்பரை ஷிஃப்ட் இன்ஜினியரிடம் காட்டினேன். அவர் மேலும் கீழும் பார்த்தார். “ஏம்மா, இதுல ஒரு பத்து கிலோ முன்னப்பின்ன இருக்காதா?”

“மாங்கனீசுன்னா இருக்கும் சார். இது காப்பர். ஸ்லாக்குக்குப் போகாது சார்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து யார்டுக்கு நடந்தார். அதே லாரியில் வந்து மீந்திருந்த பேல்களில் ஒன்றை ஜேசிபி பல்லால் பிரிக்கச் சொன்னார். தகரத்துக்கு நடுவே கருப்பாக, பெரிய முட்டை மாதிரி உருண்டைகள். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரெசர்கள். ஒன்பது. வெளியே இரும்பு ஓடு, உள்ளே மோட்டார், வைண்டிங் அப்படியே இருந்தது. ஒன்றை உடைத்துச் சுருளை எடை போட்டால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. நைட் ஹீட்டில் போனவை அப்படி நான்கு பேல். பெருக்கிப் பாருங்கள், 32-ஐ அச்சாகத் தொடாது, பக்கத்தில் வந்து நிற்கும்.

குழாய்களை வெட்டியிருந்ததால் உள்ளே காற்று அடைபடவில்லை. வெட்டாமல் விட்டிருந்தால்? மெல்டர் அண்ணா அந்தக் கருப்பு உருண்டைகளைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் பிளாட்ஃபார்முக்குப் போய்விட்டார்.

ஆறாவது கட்டம்

கூலி பிடிக்கவில்லை. சூப்பர்வைசர் மன்னிப்பும் கேட்கவில்லை. அதே வியாபாரியின் லாரி அடுத்த வாரமும் வந்தது, விலை கம்மியாம். ஆனால் ரெண்டு விஷயம் மாறியது. லோடுக்கு ஒரு பேலைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் மற்றதை உலைக்கு விட வேண்டும் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். எந்தப் பேல் என்று கை காட்டுவது மூத்த அக்கா. லேப் பதிவேட்டில் அச்சடித்த அஞ்சு கட்டத்துக்குப் பக்கத்தில் ஸ்கேலும் பேனாவும் வைத்து ஆறாவது கட்டம் போட்டார்கள். நான் கிளம்புகிற வரைக்கும் அதில் எழுதியிருந்த எண் எதுவும் 0.25-ஐத் தாண்டவில்லை.

“கோர்ல என்ன ஸ்கோப் இருக்கு?” என்று நம்ம ஹாஸ்டலில் தினமும் ராத்திரி நடக்கும் விவாதத்தில் எனக்கு இப்போது சொல்ல ஒன்று இருக்கிறது. இந்தியா 2019-ல் உருக்கு ஸ்கிராப் மறுசுழற்சிக் கொள்கை கொண்டுவந்தது. 2021-ல் பழைய வாகனங்களை உடைக்கும் திட்டமும் தொடங்கியது. தாதுவை உருக்குவதைவிட ஸ்கிராப்பை உருக்கினால் கரியும் கம்மி, கரியமில வாயுவும் கம்மி. ஆகவே ஸ்கிராப் இனி கூடத்தான் செய்யும். ஆனால் ஒரு காருக்குள் எத்தனை மோட்டார், எத்தனை மீட்டர் ஒயர் என்று பாருங்கள். எலெக்ட்ரிக் வண்டியில் இன்னும் அதிகம். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் கார்பன் போகும், சிலிக்கான் போகும், மாங்கனீசு கொஞ்சம் போகும். செம்பும் வெள்ளீயமும் மட்டும் போகாமல் அடுத்த சுற்றுக்கு வரும். நம் பேரன் கட்டும் வீட்டுக் கம்பிக்குள்ளும் இன்று நாம் காயலான் கடையில் போடும் ஃபிரிட்ஜின் செம்பு இருக்கும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடும் ஜூனியர்ஸுக்கு மூன்று கேள்வி தருகிறேன். அமுக்கிய பேலைப் பிரிக்காமலே உள்ளே செம்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க என்ன வழி? இ.சி.இ. நண்பர்கள் சேர்ந்தால் நல்லது. ஒரு லோடின் செம்பு அளவை ஹீட் கணக்குகளிலிருந்து பின்னோக்கிக் கணித்து, எந்த லாரி எவ்வளவு கொண்டுவந்தது என்று சொல்லும் ஒரு சின்ன புரோகிராம் எழுத முடியுமா? சி.எஸ். மக்களே, இது உங்களுக்கு. மூன்றாவது, கம்ப்ரெசரின் ஓட்டை ஒரு நிமிஷத்துக்குள் திறந்து சுருளை எடுக்கும் ஒரு கருவி, காயலான் கடைக்காரர் வாங்கும் விலையில். மெக்கானிக்கல் கை வைக்கலாம்.

எதை எடுத்தாலும், லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் ஒரு நாள் யார்டுக்குப் போய் நில்லுங்கள். காந்தம் எங்கே ஏமாறும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கேட்டால் சொல்வார்கள்.